புது ஏசி மாட்டும்போது பைப்பில் உள்ள காற்றை எடுப்பது: வேக்யூம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஸ்பிளிட் ஏசி மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. கடைக்குப் போகும் முன் எந்த பிராண்டு, எத்தனை ஸ்டார், எத்தனை டன் என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். "மாட்டும் அன்று பைப்புக்குள் இருக்கும் காற்றை எப்படி எடுப்பீர்கள்?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்த மிஷின் பத்து வருடம் உழைக்குமா, மூன்றாவது கோடையில் கம்ப்ரஸர் போய்விடுமா என்பதில் அந்தக் காற்றை எடுக்கும் அரை மணி நேரத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வீடுகளில் என்னிடம் கேட்ட கேள்விகளையும், கேட்டிருக்க வேண்டிய சிலவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

வேக்யூம் போடுவது என்றால் என்ன? புது ஏசிக்கு அது எதற்கு?

ஸ்பிளிட் ஏசியின் கேஸ் முழுவதும் அவுட்டோர் யூனிட்டுக்குள்தான் வருகிறது. ஃபேக்டரியிலேயே நிரப்பி, இரண்டு சர்வீஸ் வால்வுகளையும் மூடி அனுப்புகிறார்கள். சுவரில் மாட்டும் இன்டோர் யூனிட்டின் காயிலிலும், நடுவில் நாம் போடும் இரண்டு காப்பர் பைப்புகளிலும் கேஸ் இருக்காது. பைப்பை இணைத்து முடிக்கும்போது அவற்றில் நாம் சுவாசிக்கும் காற்றுதான் நிறைந்திருக்கும். வால்வைத் திறந்து கேஸை விடும் முன் அந்தக் காற்றையும் அதிலுள்ள ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பதைத்தான் வேக்யூம் போடுவது என்கிறோம்.

கொஞ்சம் காற்றுதானே? இருந்தால் என்ன ஆகிவிடும்?

நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே பார்க்கலாம். 3 மீட்டர் பைப் போட்ட 1.5 டன் ஏசியில், அரை இன்ச் பைப், கால் இன்ச் பைப், இன்டோர் காயில் எல்லாம் சேர்த்து உள்ளே ஒன்றேகால் லிட்டர் போலக் காற்று இருக்கும். அது இரண்டு வகையில் கெடுதல் செய்கிறது.

முதலாவது, காற்று திரவமாக மாறாது. ஏசி கேஸ் அவுட்டோர் காயிலில் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகி, இன்டோர் காயிலில் சூட்டை வாங்கி ஆவியாகி, திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. கூடவே மாட்டிக்கொண்ட காற்றோ எந்தக் காலத்திலும் திரவமாகாமல் அவுட்டோர் காயிலிலேயே போய்த் தங்கிவிடும். அந்த இடம் வீணாகிறது, அழுத்தம் கூடுகிறது, கம்ப்ரஸர் எப்போதும் மூச்சுத் திணறியபடியே ஓடுகிறது. கரண்ட் பில் ஏறும், மே மாத மத்தியானத்தில் அறை குளிராது.

இரண்டாவது ஈரம். என்னைக் கேட்டால் இதுதான் கொடியது. சென்னைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் நீராவி இருப்பது சாதாரணம். அப்படியானால் ஒன்றேகால் லிட்டரில் ஏறத்தாழ 25 மில்லிகிராம், ஒரு சொட்டு கூட இல்லை. ஆனால் அதைக் குடிக்கப்போகும் கம்ப்ரஸர் எண்ணெய் எவ்வளவு? வீட்டு ஏசியில் 400 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 25 மில்லிகிராம் என்பது பத்து லட்சத்தில் 60 பங்குக்கு மேல். இன்றைய ஏசிகளில் பெரும்பாலும் இருக்கும் பாலியால் எஸ்டர் எண்ணெய் புது டப்பாவில் வரும்போதே ஈரம் 50 பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். ஒரே தடவை சோம்பேறித்தனமாக மாட்டியதில் அந்த அளவு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். பைப் வாய் திறந்து கிடந்து மழைத்தண்ணீர் இரண்டு சொட்டு உள்ளே போயிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் போதவே போதாது.

இந்த எண்ணெய் தண்ணீரோடும் சூட்டோடும் சேர்ந்தால் அமிலமாக மாறும். அந்த அமிலம் மோட்டார் காயிலின் இன்சுலேஷனை மெல்ல மெல்ல அரிக்கும். மீதி ஈரம், கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் கேபிலரி அல்லது எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துளையில் பனிக்கட்டியாக உறைந்து அடைக்கலாம். ஏசி சற்று நேரம் குளிரும், அப்புறம் நின்றுவிடும், கட்டி உருகியதும் திரும்பக் குளிரும். இப்படி விட்டு விட்டு வரும் பழுதைக் கண்டுபிடிப்பதற்குள் வீட்டுக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் உயிர் போய்விடும்.

எங்கள் மெக்கானிக் பம்ப் கொண்டு வரவில்லை. கொஞ்சம் கேஸை விட்டே காற்றைத் தள்ளிவிட்டார். அது போதாதா?

போதாது. இதைப் பர்ஜ் செய்வது என்பார்கள். சின்ன பைப்பின் வால்வை அலன் கீயால் கால் சுற்று திறந்து, பெரிய பைப்பின் சர்வீஸ் வாயில் இருக்கும் பின்னை அழுத்திப் பிடிப்பார்கள். "உஸ்ஸ்" என்று சில விநாடி சத்தம் வரும். அதோடு முடிந்தது என்று இரண்டு வால்வையும் திறந்துவிடுவார்கள்.

இதில் காற்றின் பெரும்பகுதி போய்விடுவது உண்மை. எல்லாம் போவதில்லை. காயில் பல வளைவுகளாக இருப்பதால் மூலைகளில் காற்று கேஸோடு கலந்து நின்றுவிடும். பைப்பின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் ஈரத்தை அந்த ஊதல் ஒன்றும் செய்யாது.

அப்புறம், வெளியே போன கேஸ் உங்களுடையது. பெரும்பாலான 1.5 டன் வீட்டு ஏசிகளில் மொத்தக் கேஸே ஒரு கிலோவுக்குள்தான். அதை எடை போட்டு நிரப்பியிருக்கிறார்கள். அதில் எவ்வளவு போனது என்று பர்ஜ் செய்தவருக்கே தெரியாது. வீட்டு ஏசிகளில் வரும் கேஸ் வகைகளில் ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது, ஆர்-290 என்பது புரொப்பேன், அதாவது அடுப்புக் கேஸின் உறவு. மூடிய பால்கனியில், பக்கத்தில் சிகரெட்டோ பூஜை விளக்கோ எரியும்போது இதைத் திறந்துவிடுவது ஆபத்து. ஆர்-32 வளிமண்டலத்துக்குப் போனால் அதே எடை கரியமில வாயுவைவிட 675 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆர்-410ஏ என்றால் 2088 மடங்கு. இந்தக் கேஸ்களைப் படிப்படியாகக் குறைப்பதற்கான கிகாலி ஒப்பந்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நாம் மாடியில் நின்று "உஸ்ஸ்" என்று விட்டுக்கொண்டிருப்பது சரியில்லை.

"இருபது வருடமாக இப்படித்தான் மாட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்கிறாரே?

அவர் பொய் சொல்லவில்லை. அவர் தொழில் கற்ற காலத்தில் எல்லாமே ஆர்-22 கேஸ், உள்ளே மினரல் எண்ணெய். அந்த எண்ணெய் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது, தண்ணீரோடு சேர்ந்து எளிதில் அமிலமாகவும் மாறாது. கொஞ்சம் தப்பு செய்தாலும் மிஷின் தாங்கியது. ஆர்-410ஏ, ஆர்-32 வந்தபோது எண்ணெயும் மாறிவிட்டது, அழுத்தமும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. கைப்பழக்கம் மட்டும் மாறவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பர்ஜ் செய்து மாட்டிய ஏசி முதல் நாள் நன்றாகவே குளிரும். முதல் வருடமும் குளிரும். கோளாறு தெரியவரும்போது வாரண்டியும் மாட்டியவர் முகமும் மறந்துபோயிருக்கும். வேளச்சேரியில் ஒரு வீட்டில் மூன்று வருடமே ஆன ஏசியின் கம்ப்ரஸரைக் கழற்றினேன். எண்ணெய் டீ டிக்காஷன் நிறத்தில், மூக்கைக் குத்தும் நெடியோடு கொட்டியது. மாட்டிய அன்று பம்ப் எதுவும் ஓடியதாக அந்த வீட்டம்மாவுக்கு நினைவில்லை. புது கம்ப்ரஸருக்கு அவர்கள் கொடுத்த பணத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

சரியாகச் செய்தால் எந்த வரிசையில் நடக்கும்?

பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குப் புரியும்படி சொல்கிறேன்.

பைப் இணைப்பெல்லாம் முடிந்திருக்கும். அவுட்டோர் யூனிட்டின் இரண்டு வால்வுகளும் மூடியே இருக்க வேண்டும், ஏசிக்குக் கரண்ட் கொடுத்திருக்கக் கூடாது. மேனிஃபோல்டு கேஜ் என்பது ஹோஸ்களோடு வரும், அழுத்தம் காட்டும் முள் கருவி. அதன் நீல ஹோஸ் பெரிய பைப்பின் சர்வீஸ் வாயில் ஏறும், மஞ்சள் ஹோஸ் வேக்யூம் பம்பில். ஆர்-32, ஆர்-410ஏ மிஷின்கள் பலவற்றில் அந்த வாய் பழைய ஆர்-22 மிஷினைவிடச் சற்றுப் பெரிது, அதற்கு அடாப்டர் வேண்டும். "ஹோஸ் பொருந்தவில்லை, அதனால் பர்ஜ் செய்துவிடுகிறேன்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த அடாப்டர் சின்னப் பொருள், பையில் இருக்க வேண்டியது.

பம்பைப் போட்டு, கேஜின் நீல வால்வைத் திறந்ததும் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். ஆரம்பத்தில் பம்ப் கடகடவென்று புகை போல எண்ணெய் ஆவியைத் தள்ளும், போகப் போக சத்தம் அடங்கும். போதிய நேரம் ஓடிய பின் முதலில் கேஜின் வால்வை மூட வேண்டும், அதற்கப்புறம்தான் பம்பை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் வெளிக்காற்று பம்ப் வழியாகத் திரும்ப உள்ளே போய்விடும், செய்த வேலை பாழ்.

பத்து நிமிடம் காத்திருந்து முள் அசையவில்லை என்று பார்த்த பிறகு, சின்ன பைப்பின் வால்வை அலன் கீயால் மெல்லத் திறந்து கொஞ்சம் கேஸை உள்ளே விடுவார். முள் பூஜ்யத்தைத் தாண்டி மேலே வந்ததும் ஹோஸைக் கழற்றலாம், இனி வெளிக்காற்று நுழையாது. அப்புறம் இரண்டு வால்வையும் முழுசாகத் திறந்து, மூடிகளை ஸ்பானர் போட்டு இறுக்கி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். அந்தப் பித்தளை மூடிகள் அலங்காரத்துக்கு இல்லை, அவையும் கேஸைத் தடுக்கும் பூட்டுதான். வேலை முடிந்த பின் கீழே ஒரு மூடி கிடந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பம்ப் எவ்வளவு நேரம் ஓட வேண்டும்?

கம்பெனிக் கையேடுகள் பலவற்றில் குறைந்தது 10, 15 நிமிடம் என்று இருக்கும். நான் சின்ன பைப் என்றாலும் அரை மணி நேரம் விடுவேன். மழைக்காலத்தில், நீளமான பைப்பில், பழைய பைப்பில் இன்னும் அதிகம். ஐந்து நிமிடத்தில் முள் கீழே போய்விடும், அது காற்று போனதைத்தான் காட்டுகிறது. ஈரம் கிளம்புவதே அதற்கப்புறம்தான்.

முள் கடைசி வரை இறங்கிவிட்டது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

முள் கேஜின் கண்ணுக்கு ஒரு எல்லை உண்டு. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான், ஆக நம்மைச் சுற்றி இருப்பது 7,60,000 மைக்ரான். நாம் இறக்க வேண்டியது 500 மைக்ரானுக்கு. முள் கேஜில் 5,000 மைக்ரானும் 500 மைக்ரானும் ஒரே இடத்தில்தான் நிற்கும், முள்ளின் தடிமனே அந்த வித்தியாசத்தைவிடப் பெரிது.

ஏன் 500? மலை உச்சியில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்று படித்திருப்போம். அழுத்தம் குறையக் குறைய கொதிநிலையும் குறையும். 30 டிகிரி வெயிலில் பைப்புக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாக அழுத்தம் 32 மில்லிமீட்டருக்குக் கீழே, அதாவது 32,000 மைக்ரானுக்குக் கீழே இறங்க வேண்டும். அப்படி இறங்கினால்தான் ஈரம் ஆவியாகி பம்ப் வழியாக வெளியே வரும். அந்த ஆவியும் முழுக்க வெளியேறி விட்டது என்பதற்கு அடையாளம்தான் 500. அதைப் பார்க்க மைக்ரான் கேஜ் என்று டிஜிட்டல் கருவி தனியாக இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் எல்லோரிடமும் இருக்காது. இல்லையென்றால் நேரத்தைக் கூட்டுவதுதான் வழி.

பம்பின் எண்ணெயையும் ஒரு கண் பாருங்கள், கண்ணாடி வழியாகத் தெரியும். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதுவே ஈரம் குடித்திருக்கிறது. அந்த எண்ணெயோடு எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் ஆழமான வேக்யூம் வராது.

ஒரு பைப்பில் மட்டும்தான் பம்ப் மாட்டுகிறார். இன்னொரு பைப்பில் காற்று நிற்காதா?

நிற்காது. வீட்டு ஸ்பிளிட் ஏசிகளில் கேபிலரியோ எக்ஸ்பான்ஷன் வால்வோ பெரும்பாலும் அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே இருக்கும். பெரிய பைப், இன்டோர் காயில், சின்ன பைப் மூன்றும் தடையில்லாத ஒரே குழாய், ஒரு முனையில் உறிஞ்சினால் போதும்.

பம்பை நிறுத்தியதும் முள் மேலே ஏறுகிறது. லீக்கா?

ஏறும் விதத்தைப் பார்க்க வேண்டும். நிற்காமல் ஏறி பூஜ்யத்துக்கே வந்தால் லீக். முதலில் ஹோஸ் இணைப்புகளைப் பாருங்கள், பாதி நேரம் குற்றவாளி அங்கேதான். கொஞ்சம் ஏறி ஒரு இடத்தில் நின்றுவிட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, அது ஆவியாகி அழுத்தத்தை உயர்த்துகிறது. திரும்ப பம்பைப் போட வேண்டும். மைக்ரான் கேஜ் இருந்தால் 500-க்கு இறக்கி நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து 1,000-க்குள் நின்றால் நிம்மதியாக வால்வைத் திறக்கலாம்.

முள் ஏறாமல் வேக்யூம் அப்படியே நின்றால் லீக்கே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

முழுசாக இல்லை. வேக்யூமில் வெளிக்காற்று பைப்பின் மேல் அழுத்துவது சுமார் 15 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு). ஏசி ஓடும்போது உள்ளிருந்து கேஸ் அதைவிடப் பல மடங்கு தள்ளும். சும்மா நிற்கும்போதே, 30 டிகிரியில் ஆர்-32-ன் அழுத்தம் 260 பிஎஸ்ஐயைத் தாண்டும். 15-க்குத் தாங்கிய ஃபிளேர் இணைப்பு (பைப் முனையை விரித்து நட் போட்டு இறுக்கும் இணைப்பு) 260-க்குத் தாங்கும் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் வேக்யூமுக்கு முன் நைட்ரஜன் விட்டு அழுத்தச் சோதனை செய்வது நல்ல வழக்கம். காய்ந்த நைட்ரஜன் ஈரத்தையும் கொஞ்சம் துடைத்துக்கொண்டு போகும்.

நைட்ரஜன் மட்டும்தான். இல்லையென்று ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டுவது கொலைக்குச் சமம். அழுத்தத்தில் ஆக்ஸிஜனும் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். வெல்டிங் செட்டில் இருக்கும் கறுப்பு ஆக்ஸிஜன் சிலிண்டரை உங்கள் ஏசிக்கு யாராவது இணைக்கப் போனால் வேலையை அந்த நொடியே நிறுத்திவிடுங்கள்.

பம்ப் ஓடும்போது நடுவில் கரண்ட் போய்விட்டால்?

நம் ஊரில் நடப்பதுதான். உள்ளே இருக்கும் வெற்றிடம் பம்பின் எண்ணெயையே ஹோஸ் வழியாக இழுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணெய் ஏசிக்குள் போகக் கூடாதது. சில பம்புகளில் இதைத் தடுக்கும் வால்வு இருக்கிறது. இல்லாவிட்டால் கரண்ட் போனதும் ஓடிப்போய் கேஜின் வால்வை மூட வேண்டும். பம்பைப் போட்டுவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கக் கூடாது என்று என்னிடம் வேலை செய்யும் பையன்களிடம் சொல்வது இதற்காகத்தான்.

ஏசியின் கம்ப்ரஸரையே ஓட்டி காற்றை எடுக்கலாம் என்கிறார்களே?

கூடவே கூடாது. கம்ப்ரஸருக்குள் காற்றும் எண்ணெயும் சேர்ந்து அழுத்தப்பட்டால் டீசல் இஞ்சினில் நடப்பது போலத் தானாகவே பற்றிக்கொண்டு வெடிக்கலாம். ஏசியைக் கழற்றும் முன் கேஸை அவுட்டோருக்குள் திரும்ப இழுக்கும்போதும் பைப் இணைப்பு தளர்ந்து காற்று உள்ளே போனால் இதே ஆபத்து.

விண்டோ ஏசிக்கும் இது உண்டா?

இல்லை. எல்லாம் ஃபேக்டரியிலேயே மூடி வருகிறது.

வாடகை வீடு மாறுகிறோம். அதே ஏசி, அதே பைப். மறுபடி வேக்யூம் வேண்டுமா?

கட்டாயம். புது ஏசியைவிட இதற்குத்தான் அதிக அவசியம். கழற்றிய பைப் வாயை டேப் ஒட்டாமல் மொட்டை மாடியில் ஒரு வாரம் போட்டிருப்பார்கள். மழை, தூசி, எறும்பு எல்லாம் போயிருக்கும். கழற்றும்போதே நான்கு பைப் முனைகளையும், இன்டோரின் இரண்டு முனைகளையும் மூடச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது பழைய ஃபிளேரை வெட்டி எறிந்துவிட்டு புதிதாக அடிக்க வேண்டும், நைட்ரஜன் விட்டு ஊத வேண்டும், பம்ப் நேரமும் கூட வேண்டும்.

மெக்கானிக்கிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது? மனம் கோணிவிடாதா?

ஆர்டர் கொடுக்கும்போதே போனில் கேட்டுவிடுங்கள்: "தம்பி, வரும்போது வேக்யூம் பம்ப் கொண்டு வந்துடுங்க, அரை மணி நேரம் ஓடட்டும், அவசரமில்லை." வேலை தெரிந்தவர் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார். பம்ப் பத்து கிலோ கனம் இருக்கும், பைக்கில் வைத்து மூன்று மாடி தூக்கி வருகிறார். ஒரே நாளில் நான்கு வீடு முடிக்கச் சொல்லி அனுப்பும் இடங்களில் அந்தப் பையன்களுக்கு அரை மணி நேரம் நிற்க மனமிருந்தாலும் வழியிருக்காது. வீட்டுக்காரரே நிற்கச் சொன்னால் அவர்களுக்கு அது துணை. பம்புக்குத் தனிக் கூலி கேட்டால் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் பர்ஜ் செய்தே மாட்டிவிட்டார்கள். இப்போது என்ன செய்ய?

மாட்டி சில நாள், சில வாரம்தான் ஆகிறது என்றால் திருத்திக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் கேஸை ரெக்கவரி மிஷின் வைத்துத் தனி சிலிண்டரில் எடுக்க வேண்டும். காற்று கலந்த அந்தக் கேஸை உங்கள் ஏசிக்கே திரும்ப விடக் கூடாது. அப்புறம் நைட்ரஜன் விட்டு, பம்ப் போட்டு, கொஞ்சம் நைட்ரஜன் விட்டு, மறுபடி பம்ப் போட்டு, இப்படி இரண்டு மூன்று தடவை. இந்த முறை பம்ப் முழு மிஷினையும் இழுக்க வேண்டியிருப்பதால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அந்த நேரத்தில் யாரும் ரிமோட்டை அழுத்திவிடக் கூடாது, வெற்றிடத்தில் கம்ப்ரஸர் ஓடினால் மோட்டார் காயில் உள்ளேயே பொறி பறந்து எரிந்துவிடும். எம்சிபியை இறக்கிவிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள்.

புதுக் கேஸ் போடும்போது தராசு கேளுங்கள். எத்தனை கிராம் என்று அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். பைப் நீளம் அதிகம் என்றால் மீட்டருக்கு எத்தனை கிராம் கூட்ட வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். சிலிண்டரைத் தராசில் வைத்து அந்தக் கிராம் அளவு இறங்கும் வரை விட வேண்டும்.

மாட்டி இரண்டு, மூன்று வருடம் ஆகி, ஏசியும் நன்றாகவே ஓடுகிறது என்றால் இப்போது கழற்ற வேண்டாம். எண்ணெயோடு சேர்ந்துவிட்ட ஈரத்தை பம்பால் சுலபமாகப் பிரிக்க முடியாது. அடுத்து எப்போது கேஸ் வேலைக்காக அந்த மிஷினைத் திறக்கிறார்களோ, அன்று பம்பும் நைட்ரஜனும் தராசும் இல்லாமல் திறக்க விடாதீர்கள்.